கரண்ட் பல்பில் தீர்ந்துபோகிறதா? ஐந்தாம் வகுப்புக்கு மின்சாரம் சொல்லித்தருவது எப்படி

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள் வீட்டில் பேட்டரியும் டார்ச் பல்பும் வைத்து விளையாடுகிறாள். "பேட்டரியில இருந்து கரண்ட் வந்து பல்பு எரியுது, சரி. அது பல்புலயே தீர்ந்துபோயிடுதுல்ல? அப்புறம் எதுக்கு இன்னொரு வயர்?" என்று அம்மாவைக் கேட்டிருக்கிறாள். "சர்க்யூட் முழுசா இருக்கணும், அதான்" என்று அம்மா சொல்லிப் பார்த்திருக்கிறார். மகள் மசியவில்லை. இந்த வயதுப் பிள்ளைக்கு மின்சாரத்தின் அடிப்படையை எங்கே தொடங்கி எப்படிச் சொல்வது என்று அம்மா கேட்கிறார்.

கரண்ட் பல்பில் தீர்வதே இல்லை. பல்புக்குள் ஒரு பக்கம் எவ்வளவு நுழைகிறதோ, அவ்வளவும் மறுபக்கம் வெளியே வந்து பேட்டரிக்கே திரும்பிவிடுகிறது. பேட்டரியிலிருந்து பல்புக்குப் போய், அங்கே வெளிச்சமாகவும் சூடாகவும் மாறிப்போவது வேறொன்று. அதற்கு ஆற்றல் என்று பெயர். ஓடுவது ஒன்று, செலவாவது இன்னொன்று. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பிள்ளைக்குப் பழகிவிட்டால் தொடக்கப்பள்ளி மின்சாரத்தில் பாதி முடிந்த மாதிரி. மீதியெல்லாம் இதைப் பிடித்துக்கொண்டே வரும்.

"சர்க்யூட் முழுசா இருக்கணும்" என்ற பதிலில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அது ஒரு விதியைச் சொல்கிறதே தவிர, காரணத்தைச் சொல்லவில்லை. உங்கள் மகள் கேட்டது காரணத்தை.

அவள் நினைப்பதுபோல நினைப்பவர்கள் ஏராளம். 1980களின் தொடக்கத்தில் நியூசிலாந்தில் ரோஜர் ஆஸ்போர்ன் என்ற கல்வி ஆய்வாளர், மின்சாரத்தைப் பிள்ளைகள் எப்படிக் கற்பனை செய்கிறார்கள் என்று அவர்களிடமே கேட்டுப் பார்த்தார். ஒரே மாதிரியான சில கற்பனைகள் திரும்பத் திரும்ப வந்தன. ஒரு வயரே போதும், இன்னொன்று சும்மா என்றனர் சிலர். இரண்டு வயர் வழியாகவும் கரண்ட் வந்து பல்பில் மோதிக்கொள்வதால்தான் வெளிச்சம் என்றனர் வேறு சிலர். சுற்றித்தான் வருகிறது, ஆனால் பல்பைத் தாண்டியதும் குறைந்துவிடுகிறது என்பது மூன்றாவது கூட்டம். போகும்போதும் வரும்போதும் ஒரே அளவு என்று சொன்னவர்கள் நான்காவது. உங்கள் மகள் முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நிற்கிறாள். பெரியவர்களும் அங்கேதான் நிற்கிறார்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற புகழ்பெற்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு அங்கி கூடக் கழற்றாமல் நின்றவர்களிடம் ஒரு பேட்டரி, ஒரு பல்பு, ஒரு துண்டு வயர் கொடுத்து எரியவைக்கச் சொல்லிப் படம்பிடித்திருக்கிறார்கள். பலர் முழித்தார்கள். ஆகவே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இது புரியவில்லை என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை.

இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் நாம்தான். மின்சாரம் என்றதும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைச் சொல்லிவிடுகிறோம். தொட்டி பேட்டரி, குழாய் வயர், திறந்தால் தண்ணீர் வரும், அதுதான் கரண்ட் என்று. தண்ணீர் குழாயில் வந்து வாளியில் விழுந்துவிடுகிறது. தொட்டிக்குத் திரும்பிப் போவதில்லை. அப்படிச் சொல்லிக்கொடுத்துவிட்டு, "இரண்டாவது வயர் எதுக்கு?" என்று பிள்ளை கேட்டால் அவள்மேல் என்ன தப்பு? தொட்டி உவமையை இந்த வயதில் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து.

முதலில் பல்பைக் கையில் எடுங்கள். வெளிச்சம் வரும் கண்ணாடியை விட்டுவிட்டு அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இதற்கு இழை உள்ள பழைய டார்ச் பல்புதான் வேண்டும். இப்போது வரும் டார்ச்சுகள் எல்லாமே எல்.இ.டி. என்பதால் எலக்ட்ரானிக்ஸ் உதிரிப்பொருள் கடையில் "2.5 வோல்ட் டார்ச் பல்பு" என்று கேட்டு வாங்குங்கள். அடியில் ஒரு சின்ன ஈயப் பொட்டு இருக்கும். அதைச் சுற்றிக் கருப்பாகவோ பழுப்பாகவோ ஒரு வளையம். அதற்கு வெளியே திருகுமரை போட்ட உலோகச் சட்டை. கண்ணாடிக்குள்ளே இரண்டு குத்துக்கம்பிகள், அவற்றின் நுனிகளை இணைத்துத் தலைமுடியைவிட மெல்லிய டங்ஸ்டன் இழை. அந்த இரண்டு கம்பிகளில் ஒன்று ஈயப் பொட்டில் போய் முடிகிறது, மற்றொன்று உலோகச் சட்டையில். நடுவிலிருக்கும் கருப்பு வளையம் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் பிரித்து வைக்கிறது. ஆகப் பல்புக்கு ஒரு வாசல் இல்லை, இரண்டு வாசல். ஒன்றில் நுழைந்தால் இழை வழியாகத்தான் மற்றொன்றுக்குப் போக முடியும். வீட்டில் மாட்டும் பின் வைத்த பல்பையும் திருப்பிக் காட்டுங்கள். அடியில் இரண்டு பொட்டுகள் இருக்கும்.

இதைப் பார்த்த பிறகு அந்த எம்.ஐ.டி. வேலையை அவளிடம் கொடுங்கள். ஒரு செல் (டார்ச்சில் போடும் ஒற்றை பேட்டரி), ஒரு பல்பு, இரு முனையிலும் தோல் சீவிய ஒரே ஒரு வயர். எரியவைக்க வேண்டும். சொல்லித்தராதீர்கள், விட்டுவிடுங்கள். பல்பின் ஈயப் பொட்டைச் செல்லின் தொப்பிமேல் வைத்து, செல்லின் அடியிலிருந்து வயரைக் கொண்டுவந்து உலோகச் சட்டையில் தொட்டால் எரியும். இதைத் தலைகீழாக்கியும் எரியவைக்கலாம், ஆக மொத்தம் நான்கு வழிகள் உண்டு. நான்கையும் அவளே கண்டுபிடித்துப் படம் வரைந்தால், எரியாத படங்களையும் பக்கத்தில் வரையச் சொல்லுங்கள். எரிந்தவை எல்லாவற்றிலும் செல்லின் இரு முனையும் பல்பின் இரு வாசலும் ஒரே வளையத்தில் இருப்பதை அவள் கண்ணே பிடித்துவிடும்.

வளையம் வேண்டும் என்பது இப்போது தெரிந்துவிட்டது. ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு கயிறு தேவை.

ஆறேழு மீட்டர் நீளமுள்ள வழுவழுப்பான கயிற்றின் இரு முனையையும் முடிச்சுப்போட்டு வளையமாக்குங்கள். நான்கைந்து பேர் வட்டமாக நின்று, கயிற்றை லேசாகக் கைக்குள் விட்டுக்கொள்ள வேண்டும், இறுக்கிப் பிடிக்கக் கூடாது. ஒருவர் பேட்டரி. அவர் கயிற்றை ஒரு கையால் இழுத்து மறுகையால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். எதிரில் இருப்பவர் பல்பு. அவர் மட்டும் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கட்டும். சில நொடிகளில் "பல்பு" கை சுடுகிறது என்று கத்துவார்.

இங்கேதான் நிதானமாகக் கேள்வி கேட்க வேண்டும். பேட்டரியிலிருந்து பல்புக்குக் கயிறு வந்ததா? வந்தது. பல்பு கயிற்றைத் தின்றுவிட்டதா? இல்லை, உள்ளே வந்த அளவு வெளியே போனது. அப்படியானால் சூடு எங்கிருந்து வந்தது? பேட்டரியாக நின்றவர் கை வலிக்க இழுத்தாரே, அந்த உழைப்பிலிருந்து. கயிறுதான் கரண்ட், உழைப்புதான் ஆற்றல். கயிறு சுற்றிக்கொண்டே இருக்கிறது, உழைப்பு மட்டும் பல்பில் சூடாக இறங்கிவிடுகிறது. இப்போது கயிற்றை ஓரிடத்தில் அறுத்துவிட்டு இழுக்கச் சொன்னால் என்ன ஆகும் என்று கேளுங்கள். (நிஜமாகவே அறுக்க வேண்டாம், முடிச்சை அவிழ்த்தால் போதும்.) கொஞ்ச தூரம் வந்து நின்றுவிடும், சுற்றாது. இரண்டாவது வயர் இல்லாவிட்டால் நடப்பது ஏறத்தாழ இதுதான். சுவிட்சின் வேலையும் இதுதான். அது கரண்டைத் திறந்துவிடும் குழாய் இல்லை, வளையத்தை வெட்டி ஒட்டும் ஒரு இடம், அவ்வளவே. அதனால்தான் சுவிட்சைப் பல்புக்கு முன்னால் வைத்தாலும் பின்னால் வைத்தாலும் பேட்டரி விளையாட்டில் ஒரே பலன். மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கரண்ட் பல்பில் தீர்ந்துபோகும் என்றால், பல்பைத் தாண்டி இருக்கும் சுவிட்சை அணைத்தால் பல்பு ஏன் அணைய வேண்டும்?

கயிறு இன்னொன்றையும் சொல்லித்தரும். இழுக்கத் தொடங்கிய அதே கணத்தில் எல்லார் கையிலும் கயிறு அசைந்துவிட்டது. பேட்டரி அருகில் இருந்த கயிற்றுத் துண்டு பல்புக்கு வந்து சேரும்வரை யாரும் காத்திருக்கவில்லை. செம்பு வயருக்குள்ளும் அப்படித்தான். ஓடப்போகும் எலக்ட்ரான்கள் (மின்சாரத்தைச் சுமக்கும் மிகச் சின்னத் துகள்கள்) பேட்டரிக்குள் அடைத்து வைக்கப்பட்டவை அல்ல, வயர் நெடுகிலும் ஏற்கெனவே நிறைந்திருப்பவை. பேட்டரி அவற்றைத் தள்ளிவிடுகிறது. அவை நகரும் வேகத்தைக் கேட்டால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்களவுள்ள செம்பு வயரில் 1 ஆம்பியர் ஓடும்போது எலக்ட்ரான்கள் ஒரு மீட்டர் நகர ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். நத்தை ஜெயித்துவிடும். ஆனாலும் சுவிட்சைத் தட்டியதும் விளக்கு எரிகிறது, ஏனென்றால் தள்ளு உடனே எல்லாருக்கும் கிடைத்துவிடுகிறது.

சரி, கயிறு ஒரு விளையாட்டுத்தானே, நிஜமாகவே கரண்ட் குறையவில்லை என்பதற்கு என்ன சாட்சி என்று அவள் கேட்கலாம். கேட்க வேண்டும். இரண்டு செல்லை அடுத்தடுத்து வைத்து, ஒரே மாதிரியான இரண்டு பல்புகளை வரிசையாக ஒரே வளையத்தில் இணையுங்கள். இணைக்கும் முன்பே எது பிரகாசமாக எரியும் என்று அவளைச் சொல்லவையுங்கள். முதல் பல்பு கரண்டைச் சாப்பிட்டுவிடும் என்று நினைப்பவள் முதல் பல்புதான் என்பாள். இணைத்துப் பார்த்தால் இரண்டும் சமமாக, கொஞ்சம் மங்கலாக எரியும். கடையில் வாங்கும் பல்புகள் அச்சு அசலாக ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதால் ஒன்று சற்று மங்கலாகத் தெரியலாம். அப்போது "பார்த்தியா, நான் சொன்னேன்ல" என்பாள். பதறாதீர்கள். இரண்டு பல்பையும் இடம் மாற்றுங்கள். மங்கல் அந்தப் பல்போடு சேர்ந்து இடம் மாறினால் குறை பல்பில் இருக்கிறது, இடத்தில் இல்லை. இந்த இடம் மாற்றிப் பார்க்கும் புத்தி மின்சாரப் பாடத்தைவிடப் பெரிய சொத்து என்று எனக்குத் தோன்றும்.

கையில் திசைகாட்டி இருந்தால் இன்னும் நேரான சாட்சி கிடைக்கும். 1820இல் டென்மார்க்கில் ஓர்ஸ்டெட் என்ற விஞ்ஞானி கண்டது இது: கரண்ட் ஓடும் வயருக்குப் பக்கத்தில் காந்த ஊசி திரும்பும். பல்புக்கு முன்னால் உள்ள வயரை ஊசிக்கு மேலே வடக்கு தெற்காக ஒட்டினாற்போல் பிடியுங்கள். கரண்டை விட்டதும் ஊசி சில டிகிரி திரும்பும். அப்புறம் பல்பைத் தாண்டிய வயரை அதே மாதிரி பிடியுங்கள். அதே அளவு திரும்பும். ஊசி அசைவது போதவில்லை என்றால் வயரைத் திசைகாட்டியில் நாலைந்து சுற்றுச் சுற்றிக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் ஒரு எதிர்க்கேள்வி கட்டாயம் வரும். கரண்ட் தீர்வதில்லை என்றால் பேட்டரி ஏன் தீர்ந்துபோகிறது? கயிற்றில் பதில் இருக்கிறது, இழுத்தவர் களைத்துப்போனார். செல்லுக்குள் உழைப்பது வேதிப்பொருள்கள். சாதாரண டார்ச் செல்லின் வெளிக்கூடே துத்தநாகத் தகரம்தான், அதுதான் எதிர்முனை. நடுவில் நிற்கும் கரிக்குச்சி நேர்முனை. செல் வேலை செய்யச் செய்ய துத்தநாகம் கொஞ்சம் கொஞ்சமாக வேறு பொருளாக மாறுகிறது. மாறக்கூடியது மாறி முடிந்ததும் தள்ளுவதற்குத் தெம்பு இல்லை. பழைய செல்லைக் கடிகாரத்திலேயே மறந்து விட்டுவிட்டால் தகரம் அரித்துப்போய் பிசுபிசுப்பாக ஒழுகுகிறதே, அது இதன் விளைவுதான். 1800இல் இத்தாலியில் வோல்டா செய்த முதல் மின்கல அடுக்கிலும் துத்தநாகம் இருந்தது. அதையும் வேறொரு உலோகத்தையும் மாறி மாறி அடுக்கி, நடுவே உப்புநீரில் நனைத்த அட்டையை வைத்தார்.

எலுமிச்சம்பழ பேட்டரியைப் பள்ளிக் கண்காட்சியில் எல்லாரும் செய்கிறார்கள். துத்தநாகப் பூச்சுள்ள ஆணியும் செம்புத் துண்டும் செருகினால் ஒரு பழம் ஒரு வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாகத் தரும். ஆனால் கரண்ட் மிகச் சிறியது, டார்ச் பல்பு எரியாது. மூன்று நான்கு பழங்களை வரிசையாக இணைத்து ஒரு எல்.இ.டி.யை மங்கலாக எரியவைக்கலாம். எல்.இ.டி. ஒரு திசையில் மட்டும்தான் எரியும், நீண்ட கால் நேர்முனைப் பக்கம் போக வேண்டும். ஆற்றல் பழத்தில் இருந்து வருகிறது என்று கண்காட்சி அட்டையில் எழுதாதீர்கள். கரைவது ஆணியின் துத்தநாகம், பழச்சாறு அதற்கு இடம் கொடுக்கிறது, அவ்வளவே.

இப்போது பெயர்களைச் சொல்லலாம். நான் வேண்டுமென்றே இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டேன். கயிறு எவ்வளவு வேகமாகக் கையைக் கடக்கிறது என்பது மின்னோட்டம், அலகு ஆம்பியர். பேட்டரிக்காரர் எவ்வளவு பலமாக இழுக்கிறார் என்பது மின்னழுத்தம், அலகு வோல்ட். பல்புக்காரர் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறார் என்பது மின்தடை, அலகு ஓம். இழுப்பு கூடினால் ஓட்டம் கூடும், பிடி இறுகினால் ஓட்டம் குறையும். 1827இல் ஓம் என்ற ஜெர்மன் விஞ்ஞானி எழுதி வைத்த விதியை இந்த வயதில் சூத்திரமாகப் போட வேண்டியதில்லை, கயிற்றில் உணர்ந்துவிட்டாலே போதும். முக்கியமாக, பல்புக்காரர் இறுக்கிப் பிடித்தால் அவருக்கு அப்பால் மட்டுமல்ல, வட்டம் முழுக்கவே கயிறு மெதுவாகிறது. மேலே சொன்ன இரண்டு பல்புகள் ஏன் சேர்ந்தே மங்கின என்பதற்கு இதுவே விடை.

ஒரு டார்ச் செல் 1.5 வோல்ட். பைக் பேட்டரி 12 வோல்ட். நம் வீட்டுச் சுவர் பிளக்கில் 230 வோல்ட். இந்த மூன்று எண்களும் பிள்ளைக்குத் தெரிந்திருக்கட்டும்.

அடுத்து பல்புகளை வேறு விதமாக இணைப்பது. திருவிழாவில், கல்யாண வீட்டில் தொங்கவிடும் பழைய சீரியல் செட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு பல்பு போனால் அந்தச் சரமே அணைந்துவிடும். எல்லாம் ஒரே வளையத்தில் இருப்பதுதான் காரணம். வீட்டில் ஹால் விளக்கு ஃபியூஸ் போனால் சமையலறை விளக்கு அணைவதில்லை, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வளையம். முதலாவது தொடர் இணைப்பு, இரண்டாவது பக்க இணைப்பு. அதே இரண்டு பல்புகளைப் பக்க இணைப்பில் போட்டால் இரண்டும் முழுப் பிரகாசத்தில் எரியும், ஒன்றைக் கழற்றினால் மற்றது எரிந்துகொண்டே இருக்கும். இதற்கான விலையைப் பேட்டரி தருகிறது: ஒரே நேரத்தில் இரண்டு கயிற்றை இழுக்கிறது, ஆகவே சீக்கிரம் களைக்கிறது.

எது கடத்தும், எது கடத்தாது என்ற சோதனையைப் பாடப்புத்தகமே செய்யச் சொல்கிறது. சாவி, எவர்சில்வர் ஸ்பூன், நாணயம், ரப்பர், ஸ்கேல், இரு முனையும் சீவிய பென்சில். வளையத்தில் ஒரு இடைவெளி விட்டு அதில் ஒவ்வொன்றாக வைத்துப் பல்பு எரிகிறதா என்று பார்ப்பது. பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த வேலை. ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது, பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. ஏதாவது ஒரு பிள்ளை தன் விரலை அந்த இடைவெளியில் வைத்துப் பார்க்கும். பல்பு எரியாது. "நம்ம உடம்பு கரண்டைக் கடத்தாது" என்று நோட்டில் எழுதிவிடும். இது உயிருக்கு ஆபத்தான முடிவு.

காரணம் இது. காய்ந்த தோலின் மின்தடை பல்லாயிரம் ஓம், சில சமயம் லட்சத்தையும் தொடும். 3 வோல்ட்டில் அதன் வழியாக ஓடுவது ஒரு ஆம்பியரில் லட்சத்தில் சில பங்கு. பல்பு எரிய அது எந்த மூலைக்கு? 230 வோல்ட்டில் கதையே வேறு. கை ஈரமாக இருந்தால் தடை ஆயிரம், இரண்டாயிரம் ஓம் என்று இறங்கிவிடும். அப்போது 0.1 ஆம்பியருக்கு மேல் ஓடலாம், அது இதயத்தை நிறுத்தப் போதும். வீடுகளில் பொருத்தும் மின்கசிவுத் துண்டிப்பான் 0.03 ஆம்பியர் கசிந்தாலே இணைப்பை வெட்டும்படி அமைக்கப்பட்டிருப்பது இதனால்தான். எனவே பிள்ளையிடம் சொல்ல வேண்டியது: பல்பு எரியவில்லை என்றால், இந்தப் பேட்டரிக்கு இந்தப் பல்பை எரியவைக்கும் அளவு கரண்ட் போகவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். கொஞ்சமும் போகவில்லை என்று அர்த்தமில்லை. குழாய்த் தண்ணீருக்கும் இதே கதைதான். பல்பை எரியவைக்காது, ஆனால் ஈரக்கையோடு சுவிட்சைத் தொடக் கூடாது.

பேட்டரி விளையாட்டிலும் சில எச்சரிக்கைகள் உண்டு. செல்லின் இரு முனையையும் பல்பு எதுவும் இல்லாமல் வயரால் நேராக இணைத்தால் வயரும் செல்லும் கொதிக்கும், இதுதான் ஷார்ட் சர்க்யூட். போன் பேட்டரி, பவர் பேங்க் எதையும் இந்த விளையாட்டுக்குப் பயன்படுத்தக் கூடாது, அவை தீப்பிடிக்கும். பொத்தான் மாதிரி இருக்கும் சின்ன வட்ட செல்கள் வீட்டில் குட்டிக் குழந்தை இருந்தால் கண்ணில் படவே கூடாது. விழுங்கிவிட்டால் உணவுக்குழாயைச் சில மணி நேரத்திலேயே அரித்துவிடும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டை ஈர்க்கும் சோதனையிலிருந்துதான் பல புத்தகங்கள் பாடத்தைத் தொடங்குகின்றன. நான் அதைப் பின்னால் வைப்பேன். நம் ஊரில் அது பாதி நேரம் வேலை செய்யாது: தலையில் தேங்காய் எண்ணெய், காற்றில் ஈரம். பிளாஸ்டிக் ஸ்ட்ராவைக் காய்ந்த டிஷ்யூ பேப்பரால் அழுத்தி உருவிவிட்டுச் சுவரில் ஒட்டிப் பாருங்கள், பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும். மெல்லியதாகக் குழாயில் விழும் தண்ணீர்த் தாரைக்கு அருகில் கொண்டுபோனால் தாரை வளையும். தேய்ப்பதால் மின்சாரம் புதிதாக உண்டாகவில்லை. ஒரு பொருளில் இருந்த எலக்ட்ரான்கள் மற்றதுக்கு இடம் மாறின. ஓடாமல் ஓரிடத்தில் நிற்பதால் நிலைமின்சாரம். இவ்வளவு போதும்.

வீட்டு மின்சாரத்துக்கு வருவோம். சுவரில் கையை வைக்கக் கூடாது என்பதை மிரட்டிச் சொல்வதைவிட, அவள் கேட்ட இரண்டாவது வயரை வைத்தே சொல்லலாம். வீட்டுக்கு வரும் இரண்டு வயரில் ஒன்று ஃபேஸ் (இழுப்பு உள்ள வயர்), மற்றது நியூட்ரல் (வளையத்தை முடிக்கும் வயர்). அந்த நியூட்ரல் டிரான்ஸ்ஃபார்மரிலேயே பூமியோடு இணைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே வெறுங்காலோடு தரையில் நிற்பவர் ஃபேஸை மட்டும் தொட்டாலும் போதும், அவர் காலுக்குக் கீழே இருக்கும் தரையே இரண்டாவது வயர் ஆகிவிடுகிறது. வளையம் அவர் உடம்பு வழியாகப் பூர்த்தியாகிறது. "நான் ஒரு வயரைத்தானே தொட்டேன்" என்பது அங்கே செல்லாது.

மின்கம்பியில் காக்கா உட்கார்ந்திருக்கிறதே என்று அடுத்த கேள்வி வரும். காக்காவின் இரண்டு காலும் ஒரே கம்பியில், பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அந்த இரண்டு இடத்துக்கும் இடையே இழுப்பு வித்தியாசம் இல்லாத மாதிரிதான். இறக்கை இன்னொரு கம்பியிலோ, பூமியோடு இணைந்த இரும்புக் கம்பத்திலோ பட்டால் அதுவும் செத்துவிழும். பட்டம் கம்பியில் சிக்கினால் இழுக்கக் கூடாது என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுங்கள், நூல் ஈரமாக இருந்தால் அதுவே வயர்.

மூன்று முனை பிளக்கைக் கையில் கொடுத்து (எதிலும் செருகாமல்) வித்தியாசம் என்ன என்று கேளுங்கள். மேலே உள்ள முனை மற்ற இரண்டைவிட நீளம், தடிமனும் அதிகம். அது எர்த். அயர்ன்பாக்ஸ் மாதிரி உலோக உடம்புள்ள சாதனத்தில் உள்ளே வயர் நைந்து உடம்பைத் தொட்டுவிட்டால், கரண்ட் உங்கள் கை வழியாகப் போகாமல் எளிதான வழியில் பூமிக்குப் போக அது பாதை. நீளமாக இருப்பதால் செருகும்போது முதலில் சேர்கிறது, உருவும்போது கடைசியில் விடுகிறது. தடிமனாக இருப்பதால் தவறான துளையில் நுழையாது. ஒரு பிளாஸ்டிக் பிளக்குக்குள் இத்தனை யோசனை இருக்கிறது என்பதில் பிள்ளைகளுக்கு ஒரு சந்தோஷம் வரும், எனக்கும்தான்.

"அப்போ ஈ.பி. பில் எதுக்குக் கட்டுறோம், கரண்டைத்தான் திருப்பிக் கொடுத்துடுறோமே?" என்று கேட்டாள் என்றால் பாடம் முழுசாக ஏறிவிட்டது என்று பொருள். பில் ஆற்றலுக்கு. ஒரு யூனிட் என்பது 1000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும் ஆற்றல். 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒரு யூனிட்டைச் செலவழிக்க 111 மணி நேரம் ஆகும். 2000 வாட் கீசர் அரை மணி நேரத்தில் முடித்துவிடும். வீட்டிலுள்ள சாதனங்களின் அடியில் ஒட்டியிருக்கும் வாட் எண்ணைப் படித்து ஒரு பட்டியல் போடச் சொல்லுங்கள், மீட்டரைப் பார்த்துச் சரிபார்க்கலாம். இன்னொரு வேடிக்கை: வீட்டுக்கு வருவது மாறுதிசை மின்சாரம். கயிற்றை ஒரே பக்கம் இழுக்காமல் முன்னும் பின்னுமாக நொடிக்கு 50 தடவை ஆட்டுவது போல. அப்படி ஆட்டினாலும் பல்புக்காரர் கை சூடாகும் அல்லவா? அதனால் மின்வாரியத்திலிருந்து எலக்ட்ரான் எதுவும் கிளம்பி நம் வீட்டுக்கு வருவதில்லை. வயரில் ஏற்கெனவே இருப்பவைதான் நின்ற இடத்திலேயே அசைந்துகொண்டிருக்கின்றன.

கடைசியாக ஒன்று, இதை அவளாகக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். புத்தகத்தில் அம்புக்குறி நேர்முனையிலிருந்து எதிர்முனைக்குப் போகும். எலக்ட்ரான்கள் நகர்வது அதற்கு எதிர்த்திசையில். 18ஆம் நூற்றாண்டில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் நேர், எதிர் என்று பெயர் வைத்தபோது எலக்ட்ரான் என்ற ஒன்று யாருக்கும் தெரியாது, ஜே.ஜே. தாம்சன் என்ற விஞ்ஞானி அதைக் கண்டுபிடித்தது 1897இல்தான். அதற்குள் உலகமே அம்புக்குறியைப் போட்டுப் பழகிவிட்டது. கணக்கு எதுவும் இதனால் தப்பாவதில்லை என்பதால் யாரும் மாற்றவில்லை. பரீட்சையில் புத்தகத்தின் அம்புக்குறியையே போடச் சொல்லுங்கள்.